கறவை வெள்ளாட்டுக் குட்டியும் காட்சி வளையமும்: 4-எச் திட்டத்தில் முதல் ஆண்டு

அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான கண்காட்சிகளில், வெள்ளை உடையணிந்த பத்து வயதுப் பிள்ளை ஒரு வெள்ளாட்டைக் கழுத்துப்பட்டையில் பிடித்து வளையத்தைச் சுற்றி வருவதைக் கோடைதோறும் காணலாம். அங்கு நடைபெறும் போட்டிகளுள் ஒன்றில் நடுவர் ஆட்டை மதிப்பிடுவதில்லை. ஆட்டைப் பிடித்திருக்கும் பிள்ளையையே மதிப்பிடுகிறார். அப்போட்டிக்கான தயாரிப்பு கண்காட்சிக்கு முந்தைய வாரத்தில் அல்ல, குட்டி வீட்டுக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்பதால், இந்த விளக்கத்தை அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: மன்றத்தில் சேருங்கள்

ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் 1902-இல் கிராமப்புறப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட மன்றத்தையே 4-எச் என்னும் அமெரிக்க இளையோர் இயக்கம் தன் தொடக்கமாகக் கொள்கிறது. இன்று அது ஒவ்வொரு மாநிலத்தின் வேளாண் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை வழியாக நடைபெறுகிறது. பொதுவாக 8 முதல் 18 வயது வரையுள்ளவர்கள் விலங்கு வளர்ப்புத் திட்டங்களில் பங்கேற்கலாம். உங்கள் கவுண்டியின் விரிவாக்க அலுவலகத்தில், ஆடு எந்தத் தேதிக்குள் பிள்ளையின் பொறுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பதையும், இடமில்லாதவர்கள் பண்ணையிலிருந்து ஆட்டைக் குத்தகைக்கு எடுக்க அனுமதி உண்டா என்பதையும் முதலில் கேட்டறியுங்கள்.

இரண்டாம் படி: குட்டியைத் தேர்ந்தெடுங்கள்

அல்பைன், சானென், டோகன்பர்க், லமாஞ்சா, நூபியன், ஓபர்ஹாஸ்லி, சேபிள், நைஜீரியன் டுவார்ஃப் ஆகியவை அமெரிக்காவில் பரவலாகக் காட்டப்படும் கறவை இனங்கள். சானென் நிறையக் கறக்கும். நைஜீரியன் டுவார்ஃப் குறைவாகக் கறந்தாலும் அதன் பாலில் கொழுப்பு மிகுதி, உருவம் சிறியது என்பதால் சிறு பிள்ளைகளுக்கும் அடங்கும். தொங்கும் காதுகளையுடைய நூபியனில் நம் நாட்டு ஜமுனாபாரியின் இரத்தமும் கலந்துள்ளது. இங்கிலாந்தில் உள்ளூர் ஆடுகளோடு இந்திய, ஆப்பிரிக்கக் கிடாக்களைச் சேர்த்து உருவாக்கிய இனம் அது.

முதல் ஆண்டில் கறவை ஆட்டை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாள்தோறும் இரண்டு வேளைக் கறவை, பள்ளிப் பருவத்தில் புதிதாகத் தொடங்குபவருக்குப் பெருஞ்சுமை. பால்குடி மறந்த பெட்டைக் குட்டியை வாங்குங்கள். அதுவும் இரண்டாக வாங்குங்கள், ஏனெனில் மந்தையில் வாழும் விலங்கு தனித்து விடப்பட்டால் ஓயாமல் கத்தி, தீனியையும் குறைத்துக்கொள்ளும். கொம்புள்ள ஆடுகளை அமெரிக்கக் கறவை வெள்ளாட்டுச் சங்கத்தின் காட்சிகளில் அனுமதிப்பதில்லை என்பதால், பிறந்த சில நாள்களிலேயே கொம்புக் குருத்து சுடப்பட்டதா என்று பாருங்கள். சீம்பால் வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்குத் தொற்றி மூட்டுகளைக் கெடுக்கும் சி.ஏ.இ. என்னும் வைரஸ் நோய்க்குத் தீர்வு கிடையாது; ஆகவே தாய் ஆட்டின் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.

மூன்றாம் படி: கொட்டிலும் தீனியும்

மழையும் குளிர்காற்றும் புகாத, ஈரமற்ற கொட்டிலும் நான்கடி உயர வேலியும் போதும். நல்ல உலர்புல்லே தீனியின் அடிப்படை. அடர்தீவனத்தைத் திடீரென மிகுதியாகக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் பெருகி ஆடு இறக்கவும் கூடும். செம்மறிகளுக்கான தாது உப்பை வாங்கிவிடாதீர்கள்: அதில் தாமிரம் சேர்ப்பதில்லை, வெள்ளாட்டுக்கோ தாமிரம் வேண்டும். தோட்டத்து அழகுச் செடிகளான அசேலியாவும் யூவும் ஆட்டுக்கு நஞ்சு.

நான்காம் படி: நாள்தோறும் பாருங்கள், எழுதுங்கள்

இத்திட்டத்தின் உயிர் இங்குதான் இருக்கிறது. காலையில் தீனி வைக்கும்போது ஆடு ஓடி வந்ததா, அசைபோடுகிறதா, புழுக்கை உருண்டையாக இருக்கிறதா என்ற மூன்றையும் பிள்ளை தன் கண்ணால் பார்த்து, திட்டக் குறிப்பேட்டில் தேதியோடு எழுத வேண்டும். உடல் வெப்பம் ஏறக்குறைய 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. ஆடு நலமாக இருக்கும் நாளிலேயே வெப்பமானியைப் பயன்படுத்திப் பழகுங்கள்.

வெள்ளாட்டின் பெரும்பகை, இரத்தம் உறிஞ்சும் குடற்புழு. கீழ் இமையை மெல்ல விலக்கி உட்புறத்தின் நிறத்தை, தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா அட்டையோடு ஒப்பிடுங்கள். 1 என்பது ஆழ்ந்த சிவப்பு, 5 என்பது வெளுத்த நிறம், அதாவது கடும் இரத்தசோகை. நாள்காட்டியைப் பார்த்து எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றினால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதால்தான், வெளுப்பு தெரியும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் இந்த முறை.

குளம்புகளை நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டுங்கள். கால்நடை மருத்துவரை இப்போதே தேடி வையுங்கள். மனிதர்களுக்கும் பயன்படும் முக்கிய நுண்ணுயிர்க்கொல்லிகளை 2023 ஜூன் முதல் மருத்துவரின் சீட்டின்றி அமெரிக்காவில் வாங்க முடியாது.

ஐந்தாம் படி: நடக்கப் பழக்குங்கள்

நாளுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. ஆட்டை இழுக்காமல், அதன் தலை நிமிர்ந்திருக்கும்படி பட்டையைத் தாடைக்கு அருகே பிடித்து நடக்க வேண்டும். நிறுத்தும்போது முன்கால்கள் தோளுக்கு நேர்கீழாகவும், பின்கால்கள் சற்று விலகியும், முதுகு மட்டமாகவும் இருக்கட்டும். வீட்டிலுள்ள ஒருவரை நடுவராக நிறுத்தி, அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஆடு நடுவருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கும்படி, ஆட்டின் முன்புறமாகச் சுற்றி இடம் மாறப் பழகுங்கள்.

ஆறாம் படி: காட்சி நாள்

முடியைச் சில நாள்களுக்கு முன்பே வெட்டிவிடுங்கள். குளம்பையும் அப்படியே, கடைசி நாளில் ஆழமாக வெட்டுப்பட்டால் ஆடு நொண்டும். வளையத்தில் நடுவர் கேள்விகள் கேட்பார், சில சமயம் அடுத்த பிள்ளையின் ஆட்டை மாற்றிப் பிடிக்கவும் சொல்வார். கறவை ஆட்டின் மதிப்பெண் அட்டையில் பொதுத்தோற்றத்துக்கு 35, மடிக்கு 35, கறவைத் திறனுக்கு 20, உடற்கொள்ளளவுக்கு 10 என்பதை மனப்பாடமாக ஒப்பிக்காமல், தன் ஆட்டில் எது நிறை, எது குறை என்று காட்டிச் சொல்லத் தெரிந்திருப்பதே அழகு. தன் ஆட்டின் குறையை நேர்மையாகச் சொல்லும் பிள்ளையை நல்ல நடுவர்கள் மதிக்கிறார்கள்.

வீடு திரும்பிய ஆட்டை இரண்டு மூன்று வாரம் மற்ற ஆடுகளிலிருந்து பிரித்து வைத்துக் கவனியுங்கள். அதன்பின் குட்டியை எடை போட்டுப் பாருங்கள்: வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டியிருந்தால் இலையுதிர் காலத்தில் கிடாவோடு சேர்க்கலாம். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். அக்டோபர் 20 அன்று சேர்ந்தால் மார்ச் 19 வாக்கில் குட்டி போடும். அந்தத் தேதியைக் குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் எழுதி, இரண்டாம் ஆண்டைத் தொடங்குங்கள்.