காரைக்குடிக்குப் படிக்க வந்திருக்கிறீர்களா? சைக்கிளை இப்படிப் பூட்டுங்கள்

அழகப்பா பல்கலைக்கழகம், இன்ஜினியரிங் காலேஜ், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) எல்லாம் அக்கம்பக்கம்தான். ஒரு சைக்கிள் இருந்தால் ஊரையே சுற்றலாம்.

முதல் வருஷம் மெஸ் வாசலில் நிறுத்தியிருந்த என் சைக்கிள் காணாமல் போனது. பின்சக்கரப் பூட்டைப் போட்டுத்தான் இருந்தேன். சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பூட்டு சக்கரத்தைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டே போய்விடலாம்.

படி 1: நம்பர்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். சிலவற்றில் சீட்டுக்குக் கீழே. அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்த்து மேலாக வழியுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எண் பளிச்சென்று தெரியும். போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் என்றால் இது கட்டாயம். பத்து நின்றால் பத்தும் ஒரே ஜாடை. சீட்டைக் கழற்றி, பெயரும் போன் நம்பரும் எழுதிய காகிதத்தை பாலிதீனில் சுருட்டிக் குழாய்க்குள் செருகுங்கள். திருடன் பெயின்ட்டை மாற்றுவான், அதைத் தேடமாட்டான்.

படி 2: சங்கிலி

மெல்லிய ஒயர் பூட்டு வேண்டாம், கட்டிங் பிளேயருக்கே அறுந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கனமான சங்கிலியும் ஒரு திண்டுக்கல் பூட்டும் வாங்குங்கள். (நம்ம கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019-ல்தான் அந்தப் பூட்டுக்கும் கிடைத்தது.) பழைய டியூபைச் சங்கிலிக்கு உறையாக மாட்டினால் பெயின்ட் உரியாது.

படி 3: பூட்டுவது

சங்கிலி மூன்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்: பின்சக்கரம், ஃபிரேம், அசையாத ஒரு கம்பி. தொளதொளவென்று விட்டால் கடப்பாரை நுழையும். பூட்டு தரையில் கிடந்தால் சுத்தியலால் அடிக்க வசதி; அதனால் உயரத்தில், சாவித் துவாரம் கீழே பார்க்க மாட்டுங்கள். குட்டையான கம்பத்தில் கட்டினால் சைக்கிளோடு மேலே உருவிவிடுவார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தால் தெருப்பக்க ஜன்னல் கம்பியை மிஞ்ச ஒன்றுமில்லை. "ஆச்சி, இதுல பூட்டிக்கிறவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திண்ணைத் தூணில் மட்டும் வேண்டாம். பர்மா தேக்கில் கீறல் விழுந்தால் சைக்கிளோடு நீங்களும் தெருவில்தான்.

படி 4: ஊருக்குப் போகும்போது

ரயில்வே ஸ்டேஷன் வெளியில் விட்டுப் போகாதீர்கள். டோக்கன் தரும் ஸ்டாண்ட், இல்லையென்றால் அறைக்குள்.

படி 5: போய்விட்டால்

அன்றைக்கே நம்பர், போட்டோ, பில் நகலோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிந்து தரும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேறு, எது கையில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பிறகு பழைய சைக்கிள் விற்கும் கடைகளில் ஒரு சுற்று. ஒத்த ஜாடையில் ஒன்று நின்றால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், குனிந்து அடியில் நம்பரைப் பாருங்கள்.