கம்பெனியிடம் பள்ளிக்கு என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருடமாக அறிவியல் எடுக்கிறேன். காலையில் பள்ளி வாசலில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். என் பிள்ளைகளில் பலருடைய அப்பா, அம்மா அதில்தான் ஷிப்டுக்குப் போகிறார்கள். அந்தக் கம்பெனிகளிடம் பள்ளிக்கு உதவி கேட்பது எப்படி என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

பொருள் வேண்டும் என்று தொடங்காதீர்கள், பயிற்சி வேண்டும் என்று தொடங்குங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டு கொடுத்தது. ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் செய்து காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் மாதம் பேனா ஓரிடத்தில் வைத்தால் கோடு வேறிடத்தில் விழ ஆரம்பித்தது. என்ன செய்வதென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. வேட்டித் துணி போட்டு மூடி வைத்தோம். ஒன்றரை வருடம் அப்படியே கிடந்தது. கடைசியில் ஐடிஐ படிக்கும் பழைய மாணவன் ஒருவன் வந்து, திரையில் தெரிந்த புள்ளிகளை வரிசையாகத் தொட்டு ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தான். அதை முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டு பேட்ச் பிள்ளைகள் அதில் பாடம் பார்த்திருப்பார்கள். அந்த ஆதங்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

போவதற்கு முன் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், கூச்சம் போய்விடும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லியும் இருக்கிறது. அதனால் உங்கள் பள்ளி அவர்கள் கேட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அப்புறம், அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை இணையத்தில் தேடிப் படியுங்கள். போன வருடம் எந்த ஊரில் எதற்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று அதில் இருக்கும். குடிநீருக்கே எல்லாம் கொடுப்பவர்களிடம் ஆய்வகம் கேட்டு அலைய வேண்டாம்.

பள்ளிக்குள் முதல் வேலை, தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுவது. மேலதிகாரிகளின் அனுமதியையும் அவர் வழியாகவே வாங்குங்கள். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாகவும் கம்பெனிகள் பள்ளிகளுக்கு உதவலாம். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு ரூபாயைக் கூட ரொக்கமாகக் கையில் வாங்காதீர்கள்.

கடிதம் ஒரே பக்கம் போதும். பள்ளியின் யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தந்திருக்கும் அடையாள எண்), வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, இப்போது என்ன இருக்கிறது, அதில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை. ஓடாததை மறைக்காமல் எழுதுங்கள். புதிதாக வாங்குவதைவிட இருப்பதைப் பழுதுபார்ப்பது அவர்களுக்கும் செலவு குறைவு. பிறகு என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். போன முறை நான் எழுதியது இப்படி: "மாதம் ஒரு அரை நாள், எங்கள் ஆய்வகத்திலேயே, நாங்கள் அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை வைத்துப் பயிற்சி வேண்டும். பயிற்றுநர் பருவத்துக்கு ஒரு முறையாவது எங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும்."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பயிற்சி ஹாலில் எல்லாம் புரியும். நாற்பத்தைந்து பிள்ளைகள் நடுவில் புரொஜெக்டர் இணையாமல் நிற்கும்போதுதான் நமக்கு உண்மையில் என்ன தெரியாது என்பது தெரியவரும்.

ஒரு வருடத்துக்கு மட்டும் கேட்காதீர்கள். தொடங்கும் ஆண்டு போக மூன்று ஆண்டு வரை நீளும் தொடர் திட்டத்துக்கு விதிகளில் இடம் இருக்கிறது. முதல் வருடம் பழக, இரண்டாம் வருடம் தனியாகச் செய்ய, மூன்றாம் வருடம் நம் ஆசிரியர்களே பக்கத்துப் பள்ளிக்குச் சொல்லிக்கொடுக்க என்று பிரித்துக் காட்டுங்கள். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், டிசம்பர், ஜனவரியில் பேச்சைத் தொடங்கினால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இடம் கிடைக்கும். மார்ச் கடைசியில் போனால் மிச்சப் பணத்துக்கு அவசரமாக ஏதோ ஒரு பொருள்தான் வரும்.

மாணவர்களுக்கான ஆய்வகத்துக்குக் கேட்கும்போது, தீர்ந்துபோகும் பொருளை மறக்காமல் சேருங்கள். நுண்ணோக்கி வந்துவிடும். செல்லுக்கு நிறம் ஏற்றும் சாஃப்ரானின் சாயமும், ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பும் ஆகஸ்டிலேயே தீர்ந்துவிடும், பிறகு நுண்ணோக்கி பீரோவுக்குள் போய்விடும். எட்டாம் வகுப்புக்கு வெங்காயத் தோலைக் காட்டினேன். உள்பக்கச் சவ்வை உரித்து, ஸ்லைடில் ஒரு சொட்டு தண்ணீர், ஒரு சொட்டு சாயம், குமிழி விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்க வேண்டும். ஒரு பெண் மூன்று ஸ்லிப்பை உடைத்துவிட்டு அழப்போனாள். நான்காவதைக் கொடுத்தேன். நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "மிஸ், செங்கல் கட்டின மாதிரி இருக்கு" என்றாள். அந்த மூன்று உடைசலுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். இருபது பேர் செய்ய இருபது கவர் ஸ்லிப் என்று கேட்டால், கடைசியில் ஆசிரியர் செய்ய எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பதுதான் நடக்கும்.

கம்பெனியின் இன்ஜினியர்கள் நேரில் வருகிறோம் என்றால் சந்தோஷமாகக் கூப்பிடுங்கள், ஆனால் உரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளைகள் கையாலேயே பிரிக்க வைக்கச் சொல்லுங்கள்.

பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, வாரண்டி அட்டையையும் சர்வீஸ் எண்ணையும் பதிவேட்டின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பருவம் முடிந்ததும், எத்தனை வகுப்பு நடந்தது, எது பழுது, அடுத்து என்ன தீரும் என்று அவர்களுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அவர்களும் தங்கள் நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் அனுப்பிய பள்ளியை மறக்க மாட்டார்கள். எங்களுக்கு இரண்டாம் வருடச் சாயமும் ஸ்லிப்பும் ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே வந்து சேர்ந்தன.