கன்டெண்டர் துப்பாக்கி பேரலுக்கு முன்கட்டை தேடுறவங்க முதல்ல அளவு எடுங்கப்பா

டெக்சாஸ்ல இருக்க எங்க அக்கா வீட்டு மச்சான் தாம்சன் சென்டர் கன்டெண்டர் பிஸ்டல் ஒண்ணு வச்சிருக்காரு, ஒரு தடவைக்கு ஒரே ரவை, மடக்கித் திறந்து போடுற டைப்பு. பேரலுக்கு, அதாவது குண்டு போற குழாய்க்கு, அடியில கை வைக்கிற கட்டை, அங்க ஃபோரெண்ட்னு சொல்றாய்ங்க, அது விரிசல் விட்டுருச்சுன்னு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி சேரல, இன்னொண்ணு வாங்கி அதுவும் சேரல, கடைசியில திருப்பரங்குன்றத்துல தச்சுப் பட்டறை வச்சிருந்த எங்க அப்பாவுக்கு வீடியோ கால். அப்பா கேட்டது ஒண்ணுதான், "அளவு எங்க மாப்ள?"

அங்கதான் தப்பே. கன்டெண்டர்னு பேரு போட்டிருந்தா போதும்னு நெனச்சுட்டாரு. 1967ல வந்த துப்பாக்கி, ஒரே ஃப்ரேம்ல (பிடியும் விசையும் இருக்க உடம்பு) பேரல மாத்தி மாத்தி மாட்டலாம், அதனால கட்டை பேரலுக்குத்தான் சேரணும், ஃப்ரேமுக்கு இல்ல.

மொதல்ல திறந்து உள்ள ரவை இல்லன்னு கண்ணால பாத்துருங்க, அப்புறம்தான் கட்டைய பிடிச்சிருக்க ஸ்க்ரூவ தொடணும். அடுத்து பேரல் வடிவம். பழைய எட்டுப்பட்டை பேரலுக்கு ஒரு கட்டை, உருண்டையா தடிமனா இருக்க புல் பேரலுக்கு வேற கட்டை, பேரல் உக்கார்ற உள்பள்ளமே வேற. 10 இன்ச் பேரல் கட்டைய 14 இன்ச் பேரலான சூப்பர் 14ல வச்சுப் பாக்குறதும் வீண்வேலை. புது மாடல் ஜி2ன்னா பழைய கன்டெண்டர் கட்டை சேரும், ஆனா அதே கம்பெனியோட என்கோர் மாடல் வேற குடும்பம், அத வாங்காதீங்க. மச்சான் வாங்குன ரெண்டாவது அதுதான்.

இனி பேரல்ல ஸ்க்ரூ ஏறுற ஓட்டை. ஸ்க்ரூ ஒண்ணா ரெண்டான்னு எண்ணுங்க, ரொம்ப ஆரம்பகாலத்து பேரல்ல ஸ்க்ரூவே கெடையாது, கவ்விப் பிடிக்கிற கட்டைதான். ரெண்டு இருந்தா நடுவுக்கு நடு அளவு வேணும், ஓட்டையோட நடுவ கண்ணால எவனும் சரியா பாக்க முடியாது, அதுக்கு அப்பா சொன்ன வழி: ஒரு ஓட்டையோட இடது ஓரத்துல இருந்து அடுத்த ஓட்டையோட இடது ஓரம் வரைக்கும் வெர்னியர் (நுணுக்கமா அளக்குற காலிப்பர்) வைங்க, ரெண்டும் ஒரே சைஸ்னா அதான் நடுவுக்கு நடு. தச்சு வேலையில நூல் கணக்கு போடுவோம்ல, ஒரு நூல்னா அரைக்கால் இன்ச்சு, அந்தக் கணக்கெல்லாம் இங்க செல்லாது, மில்லிமீட்டர்ல எடுத்து 25.4ஆல வகுத்து இன்ச்சாக்கி விக்கிறவன்கிட்ட அனுப்புங்க. ஃப்ரேம் முகத்துல இருந்து முதல் ஓட்டை வரைக்கும் உள்ள தூரத்தையும் கேளுங்க, கட்டையோட பின்பக்கம் நீண்டிருந்தா திறக்கும்போது ஃப்ரேம்ல இடிக்கும். ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோவும் கேட்டு வாங்குங்க, தர மாட்டேன்னா அடுத்த ஆள பாருங்க.

வந்ததும் ஸ்க்ரூவ பாதிக்கு கையால முறுக்கிப் பாருங்க. பழைய ஸ்க்ரூவ விட நீளமா இருந்தா ஓட்டையோட அடியில போய் முட்டும், கட்டை ஆடிக்கிட்டே இருக்கும், அதுக்காக பலங்கொண்டு முறுக்குனா பேரல் கெட்டுரும். உள்பள்ளம் ஒரு இடத்துல மட்டும் உரசுனா உப்புத்தாள உருண்டையான குச்சில சுத்தி லேசா தேய்ச்சா போதும், ஓட்டை ஒத்துவரலன்னு பேரல்ல புது ஓட்டை மட்டும் போட்றாதீங்க.

"மாமா, நீங்களே தேக்குல செஞ்சு அனுப்புங்க"ன்னாரு மச்சான். இங்க 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னா அதோட பாகமும் சேத்திதான், லைசென்ஸ் இல்லாம மதுரைப் பட்டறையில செஞ்சு கூரியர்ல போடுறதெல்லாம் வேணாம்னு அப்பா கட்டன்ரைட்டா சொல்லிட்டாரு. வேணும்னா பூரிக்கட்டை செஞ்சு அனுப்புறேன்னாரு, அக்கா உடனே ரெண்டா அனுப்புங்கன்னுச்சு.