என்.எஃப்.எல். பிளேஆஃப் ஆட்டங்களைக் கணிப்பது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் கோப்பைக்கான வெளியேற்றச் சுற்றுகளான பிளேஆஃப் ஆட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றைக் கணிக்க விரும்பும் புதியவர் பெரும்பாலும் "எந்த அணி வெல்லும்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குவார். "எந்த அணிக்கு எத்தனை சதவீத வாய்ப்பு?" என்று கேட்கப் பழகுவதே இந்தச் செய்முறையின் நோக்கம். இங்கே தொடரும் மொத்தச் சுற்றுகளும் ஒற்றை ஆட்டங்களால் ஆனவை. ஏழு ஆட்டத் தொடர் எதுவும் கிடையாது. ஆகவே ஒரு கைதவறலில் நல்ல அணியும் வெளியேறும், அதைக் கணக்கில் கொள்ளாத கணிப்பு பயன் தராது. தேவையானவை ஒரு காகிதம் அல்லது எக்செல் தாள், கூட்டல், வகுத்தல், அத்துடன் லீக் சுற்றில் ஒவ்வோர் அணியும் எடுத்த புள்ளிகள், விட்டுக்கொடுத்த புள்ளிகள் ஆகியவை மட்டுமே. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவதற்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தை ஆழமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2022 சீசனின் பிளேஆஃப் ஆட்டங்கள் நான்கை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

படி 1: அட்டவணையைப் புரிந்துகொள்ளுங்கள்

லீக்கில் 32 அணிகள் உள்ளன; ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்ற இரு கான்ஃபரன்ஸ்களில் 16 அணிகள் வீதம். 2020 சீசன் முதல் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் 7 அணிகள் பிளேஆஃபுக்குத் தகுதி பெறுகின்றன. கான்ஃபரன்ஸின் உட்பிரிவுகளான நான்கு டிவிஷன்களின் முதலிடக்காரர்கள் 1 முதல் 4 வரையிலான தரவரிசையையும், மற்ற மூவர் 5 முதல் 7 வரையிலான தரவரிசையையும் பெறுவார்கள். முதல் தரவரிசை அணிக்கு முதல் சுற்றில் ஓய்வு. இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைத் தவிர மற்ற எல்லா ஆட்டங்களும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில் நடைபெறும்.

தரவரிசை எண்ணை வலிமையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010 சீசனில் சியாட்டில் சீஹாக்ஸ் 7 வெற்றி, 9 தோல்வியோடு பலவீனமான டிவிஷன் ஒன்றில் முதலிடம் பிடித்து, 11 ஆட்டங்களில் வென்றிருந்த நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸைத் தன் மைதானத்துக்கு வரவழைத்து 41-36 என்று வென்றது.

படி 2: வெற்றி எண்ணிக்கையை விட்டுவிட்டுப் புள்ளி வித்தியாசத்தை எடுங்கள்

இந்தச் செய்முறையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி சீசன் முழுவதும் எடுத்த புள்ளிகளிலிருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழித்து, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் எதைச் சொல்ல முயல்கிறதோ ஏறக்குறைய அதையே இந்த எண் சொல்கிறது.

2022 சீசனில் மின்னசோட்டா வைகிங்ஸ் 13 வெற்றி, 4 தோல்வி. முதல் சுற்றில் அதை எதிர்த்து வந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் 9 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமன். வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் வைகிங்ஸுக்கு 80 சதவீதம் கொடுத்துவிடுவார். ஆனால் வைகிங்ஸ் அந்த 17 ஆட்டங்களில் எடுத்தது 424 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 427. அதாவது 13 ஆட்டங்களில் வென்ற அணி மொத்தத்தில் 3 புள்ளி பின்தங்கியிருந்தது.

இது எப்படி நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் விளங்கும். நான்கு தோல்விகளில் மட்டும் அந்த அணி 89 புள்ளிகளை இழந்தது. டல்லஸ் கவ்பாய்ஸிடம் 40-3 என்று தோற்றதும் அதில் அடக்கம். 13 வெற்றிகளில் இரண்டு மட்டுமே பெரியவை, இரண்டும் 16 புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. மீதமுள்ள 11 வெற்றிகளும் 8 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் கிடைத்தவை. அவற்றின் கூட்டுத்தொகை 54, சராசரியாக ஆட்டத்துக்கு 5 புள்ளிகூட இல்லை. இந்த 11 ஆட்டங்களில் ஒன்று இதே ஜயன்ட்ஸுக்கு எதிராக டிசம்பர் 24 அன்று நடந்தது. 61 கெஜத் தொலைவிலிருந்து கடைசி நொடியில் உதைத்த ஃபீல்ட் கோலால் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது) வைகிங்ஸ் 27-24 என வென்றது.

நெருக்கமான ஆட்டங்களை வெல்வதில் மன உறுதியும் பயிற்சியும் பங்கு வகிக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நீள்வட்டப் பந்து தரையில் விழுந்து எந்தப் பக்கம் துள்ளும், நீண்ட உதை கம்பத்துக்கு உள்ளே போகுமா வெளியே போகுமா என்பவை அடுத்த வாரமும் அதே அணிக்குச் சாதகமாக அமையும் என்பதற்கு உறுதி இல்லை. புள்ளி வித்தியாசம் இந்தத் தற்செயலை ஓரளவு வடிகட்டித் தருகிறது.

எதிரணிகளின் தரத்தையும் பார்க்க விரும்பினால், ஓர் அணி சந்தித்த எல்லா எதிரணிகளின் சராசரிப் புள்ளி வித்தியாசங்களைக் கூட்டி வகுத்து, வரும் விடையை அந்த அணியின் எண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு +4 பெற்ற அணி சராசரியாக -1.5 உள்ள எதிரணிகளோடு ஆடியிருந்தால் அதன் திருத்திய எண் +2.5 ஆகும். முதல் முயற்சியில் இதைத் தவிர்த்துவிட்டால் பெரிய குறை இல்லை.

படி 3: எண்ணைச் சுத்தம் செய்து, சற்றுச் சுருக்குங்கள்

கடைசி வாரத்தில் தரவரிசை உறுதியாகிவிட்ட அணிகள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். அத்தகைய ஆட்டத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. ஜயன்ட்ஸ் அந்த சீசனில் 365 எடுத்து 371 விட்டுக்கொடுத்தது, வித்தியாசம் -6. மாற்று வீரர்களோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸிடம் 22-16 என்று தோற்றதை நீக்கினால் மீதி 16 ஆட்டங்களில் வித்தியாசம் சரியாகப் பூஜ்ஜியம். வைகிங்ஸோ ஆட்டத்துக்கு -0.2. வெற்றி எண்ணிக்கையில் வெகு தொலைவில் இருந்த இரு அணிகளும் இந்த அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

பிறகு ஒவ்வோர் அணியின் எண்ணையும் 0.75 ஆல் பெருக்குங்கள். 17 ஆட்டங்கள் என்பது மிகக் குறைந்த மாதிரி. அதில் மிக நன்றாகத் தெரியும் அணிகள் உண்மையில் அவ்வளவு நன்றாக இருப்பதில்லை, மிக மோசமாகத் தெரிபவையும் அப்படியே. நான்கில் ஒரு பங்கைக் குறைப்பது என் சொந்தத் தேர்வு, நீங்கள் 0.7 அல்லது 0.8 வைத்தாலும் விடை பெரிதாக மாறாது.

படி 4: சொந்த மைதானத்துக்கு 2 புள்ளி சேருங்கள்

பழைய கையேடுகள் 3 புள்ளி என்று சொல்லும். அண்மை ஆண்டுகளில் அந்தச் சாதகம் குறைந்துவருவதால் நான் 2 வைக்கிறேன். கொரோனா காலத்து 2020 சீசனில், பெரும்பாலும் காலியாக இருந்த அரங்குகளில், உள்ளூர் அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு சமன் என்று முடித்தன. எதிரணி வீரர்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்க முடியாதபடி எழும் இரைச்சல் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது. சூப்பர் பவுல் பொது மைதானத்தில் நடப்பதால் அதற்கு எதையும் சேர்க்க வேண்டாம்.

நம் ஆட்டம் மின்னியாபொலிஸில் நடந்தது. வைகிங்ஸ் -0.1 (சுருக்கிய பின்), ஜயன்ட்ஸ் 0, மைதானத்துக்கு 2. எனவே வைகிங்ஸ் 1.9 புள்ளி முன்னிலை.

படி 5: புள்ளியைச் சதவீதமாக மாற்றுங்கள்

என்.எஃப்.எல். ஆட்டங்களின் உண்மையான முடிவு, எதிர்பார்த்த வித்தியாசத்திலிருந்து 13 முதல் 14 புள்ளி வரையிலான திட்ட விலக்கத்தோடு சிதறுகிறது. 13.5 என்று வைத்து இயல்நிலைப் பரவலில் கணக்கிட்டால் கீழ்க்காணும் பட்டியல் கிடைக்கும்.

1 புள்ளி முன்னிலை: 53 சதவீதம்
2 புள்ளி: 56
3 புள்ளி: 59
5 புள்ளி: 64
7 புள்ளி: 70
10 புள்ளி: 77
14 புள்ளி: 85

ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது) அதன் கூடுதல் உதையும் சேர்ந்த 7 புள்ளி அளவுக்கு மேலான அணிகூடப் பத்தில் மூன்று முறை தோற்கும். இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது தகும்.

வைகிங்ஸுக்கு 56 சதவீதம் என்று நம் விடை வந்தது. 2023 ஜனவரி 15 அன்று ஜயன்ட்ஸ் 31-24 என வென்றது. பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் அதன் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ் 301 கெஜம் எறிந்து, தானே ஓடி 78 கெஜம் சேர்த்தார். பலரும் இதை அதிர்ச்சித் தோல்வி என்றார்கள். நம் கணக்கின்படி நாணயச் சுண்டலைவிடச் சற்றே சாய்ந்த ஆட்டம் மறுபக்கம் விழுந்தது, அவ்வளவுதான்.

படி 6: குவார்ட்டர்பேக் ஆடுகிறாரா என்று பாருங்கள்

மற்ற எந்த வீரரின் காயத்துக்காகவும் புதியவர் எண்ணை மாற்ற வேண்டியதில்லை; குவார்ட்டர்பேக் மட்டும் விதிவிலக்கு. ஜயன்ட்ஸ் அடுத்துச் சந்தித்த ஈகிள்ஸ் 477 எடுத்து 344 விட்டுக்கொடுத்திருந்தது. அதன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தோள் காயத்தால் இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை. அணி அவற்றில் 6 புள்ளியிலும் 10 புள்ளியிலும் தோற்றது. ஹர்ட்ஸ் திரும்பிவிட்டதால் அந்த இரண்டையும் நீக்குகிறோம். எஞ்சிய 15 ஆட்டங்களில் +149, ஆட்டத்துக்கு 9.9, சுருக்கினால் 7.4. மைதானத்துக்கு 2 சேர்த்தால் 9.4 புள்ளி, ஏறத்தாழ 76 சதவீதம். ஈகிள்ஸ் 38-7 என்று வென்றது.

மாற்றுக் குவார்ட்டர்பேக் ஆடினால் எவ்வளவு குறைப்பது? 4 முதல் 6 புள்ளி குறைப்பது என் வழக்கம், அதற்கு மேல் போவதில்லை. 2017 சீசனில் கார்சன் வென்ட்ஸ் காயமடைந்து நிக் ஃபோல்ஸ் ஆடியபோது, முதல் தரவரிசையோடு சொந்த மைதானத்தில் ஆடிய இதே ஈகிள்ஸையே பந்தயச் சந்தை தோற்கும் அணியாகக் கருதியது. அவர்கள் அட்லாண்டாவை 15-10 என வீழ்த்திக் கடைசியில் சூப்பர் பவுலையும் வென்றார்கள்.

வானிலையைப் பற்றி ஒரு சொல். பனியும் குளிரும் திரையில் அச்சமூட்டினாலும் முடிவை மாற்றும் வலிமை காற்றுக்குத்தான் அதிகம். 2021 டிசம்பரில் பஃபலோவில் வீசிய பலத்த காற்றில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆட்டம் முழுவதும் மூன்றே முறை பந்தை எறிந்து 14-10 என வென்றது. அடுத்த மாதம் அதே மைதானத்தில், உறையும் குளிரில் நடந்த பிளேஆஃபில், பஃபலோ பில்ஸ் அதே எதிரணியை 47-17 என நொறுக்கியது. யார் பக்கம் சாய்ப்பது என்று தெளிவாகத் தெரியாவிட்டால் வானிலைக்காக எண்ணைத் தொடாதீர்கள்.

படி 7: கோப்பை வாய்ப்புக்குப் பெருக்குங்கள்

ஈகிள்ஸ் அடுத்து சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸைச் சொந்த மைதானத்தில் சந்தித்தது. 49-அர்ஸ் 450 எடுத்து 277 விட்டுக்கொடுத்த மிக வலிமையான அணி, ஆட்டத்துக்கு 10.2, சுருக்கினால் 7.6. ஈகிள்ஸின் 7.4 உடன் 2 சேர்த்துக் கழித்தால் 1.8 புள்ளி, 55 சதவீதம். முதல் சில நிமிடங்களிலேயே சான் பிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் பிராக் பர்டியின் முழங்கை காயமடைந்தது. ஈகிள்ஸ் 31-7 என வென்றது. எந்தக் கணக்கும் அந்தக் காயத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

சூப்பர் பவுலில் எதிரணி கான்சஸ் சிட்டி சீஃப்ஸ்: 496 எடுத்து 369 விட்டுக்கொடுத்தது, ஆட்டத்துக்கு 7.5, சுருக்கினால் 5.6. பொது மைதானம். ஈகிள்ஸ் 1.8 முன்னிலை, மீண்டும் 55 சதவீதம்.

எதிரணிகள் இவைதாம் என்று தொடக்கத்திலேயே தெரிந்திருந்தாலும் ஈகிள்ஸின் கோப்பை வாய்ப்பு 0.76 × 0.55 × 0.55, அதாவது 23 சதவீதம்தான். மூன்று ஆட்டங்களிலும் சாதகமான அணியாக இருந்தும் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. முதல் சுற்று ஓய்வு இல்லாத அணிக்கு இன்னுமொரு பெருக்கல் சேரும். முதல் தரவரிசையின் உண்மையான மதிப்பு இந்தப் பெருக்கல் குறைவதில்தான் இருக்கிறது.

படி 8: உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள்

ஆட்டத்துக்கு முன்பே சதவீதத்தைத் தேதியோடு எழுதிவையுங்கள். நீங்கள் சதவீதம் கொடுத்த அணி வென்றால் 1, தோற்றால் 0. அந்த எண்ணுக்கும் உங்கள் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். வானிலை முன்னறிவிப்புகளை மதிப்பிட 1950இல் கிளென் பிரையர் முன்வைத்த முறை இது. எண் குறைவாக இருந்தால் நல்லது. எல்லா ஆட்டத்துக்கும் 50 சதவீதம் என்று எழுதுபவர் எப்போதும் 0.25 பெறுவார்.

வைகிங்ஸ் ஆட்டத்தில் நமக்கு 0.56 இன் வர்க்கம், 0.31. அதே ஆட்டத்தில் 80 சதவீதம் கொடுத்தவருக்கு 0.64. ஈகிள்ஸ், ஜயன்ட்ஸை வென்றதில் நமக்கு 0.06. அடுத்த ஆட்டத்தில் 0.20. 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த சூப்பர் பவுலில் சீஃப்ஸ் 38-35 என வென்றதால் 0.30. நான்கின் சராசரி ஏறத்தாழ 0.22. இரண்டு ஆட்டங்களில் சாதகம் என்று நாம் சொன்ன அணி தோற்றும், 50 சதவீதம் எழுதியவரைவிட நாம் முன்னே நிற்கிறோம். நான்கு ஆட்டங்கள் எதையும் மெய்ப்பிக்கப் போதாதவை என்பதால், ஒரு சீசனின் 13 பிளேஆஃப் ஆட்டங்களுக்கும் இதைச் செய்து, அடுத்த சீசனிலும் அதே தாளில் தொடருங்கள். சுருக்கும் அளவையோ மைதானத்துக்கான 2 புள்ளியையோ மாற்ற விரும்பினால் சீசன்களுக்கு நடுவே மாற்றுங்கள்; ஒரு தோல்விக்கு மறுநாள் காலையில் மாற்ற வேண்டாம்.