டேங்கர் எத்தனை மணிக்கு வரும்? பத்திரிகைக்குக் குறை எழுதும் வழி

சனிக்கிழமை காலையில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டும் மடும்பிக் கிழங்கும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கேட்டருகே யாராவது ஒருவர் கையில் பில்லோடு நிற்பார். "அக்கா, இதப் பத்தி பேப்பருக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க." நான் வக்கீல் இல்லை. 1996இல் மாயவரத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள். ஒரு துணி ஃபேக்டரியில் காஜா எடுத்தேன், அது மூடும்வரை. எங்கள் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயா, தாத்தா, அக்கா என்ற முறைப்பெயர்களைத் தாண்டித் தமிழ் அதிகம் வராது. அவர்களுக்குக் கடிதம் எழுத நான் தேவையில்லை, துணைக்குத்தான் வருகிறார்கள். இந்தக் குறிப்பு ஊரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புதிதாக வந்து, "நமக்கு எதுக்கு வம்பு" என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு.

முதலில் அந்த வம்பைப் பார்ப்போம். இந்த நாட்டு அரசியல் சாசனத்தில் 16ஆம் பிரிவு பேச்சுரிமை, 17ஆம் பிரிவு கூட்டம் கூடவும் மனுக் கொடுக்கவும் உள்ள உரிமை. இரண்டுமே 'எல்லோருக்கும்' என்றுதான் தொடங்குகின்றன, 'குடிமக்களுக்கு' என்று இல்லை. ஓட்டுரிமைதான் குடிமக்களுக்கு மட்டும். ஆக, விசாவில் இருப்பவர் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் யாரும் பெட்டி கட்டச் சொல்ல முடியாது.

சரி, எழுத உட்காருங்கள். முதல் தாளைத் தமிழில் எழுதுங்கள், மனசில் இருப்பதையெல்லாம். "கேடுகெட்டவர்கள்", "எங்கள் வயிற்றெரிச்சல் சும்மா விடாது", எது வந்தாலும் சரி. அந்தத் தாள் பத்திரிகைக்குப் போகாது. நான் அதை மசாலா டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள்தான் எடுப்பேன். எடுத்ததும் பென்சிலால் ஒரே வேலை: இன்னொருவர் வந்து சரிபார்க்கக்கூடிய வரியை மட்டும் கோடிடுவது. தேதி, எண், இடம், யார் என்ன சொன்னார்கள் என்பது. இரண்டு பக்கம் எழுதினால் நாலு வரி தேறும். அந்த நாலு வரிதான் கடிதம்.

எங்கள் தெருவில் ஒரு முறை ஒன்பது நாள் குழாயில் சொட்டு இல்லை. டேங்கர் வந்தது, ஆனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்குப் போன வீட்டுக்காரர்கள் வெறும் பக்கெட்டோடு திரும்பினார்கள். அடுத்த வீட்டு ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல்; டேங்கர் மேட்டில் நின்றால் அவரால் ஏற முடியாது. நான் முதலில் எழுதிய தாளில் ஊழல், ஒப்பந்தக்காரர், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உடைந்த குழாய்கள், மின்வெட்டு எல்லாம் இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் படிக்கிற அதிகாரி என்ன செய்வார்? பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். கடைசியில் போன கடிதம் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"டேங்கர் வரும் நேரத்தையாவது முந்தின நாளே கோயில் வாசலிலும் பள்ளிக்கூட கேட்டிலும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தெருவில் 3ஆம் தேதி முதல் 11ஆம் தேதி வரை தண்ணீர் இல்லை. நாலு முறை டேங்கர் வந்தது. இரண்டு முறை காலை 10 மணிக்கு, ஒரு முறை மாலை 4க்கு, ஒரு முறை இரவு 9க்கு. குழாயை உடனே சரிசெய்ய முடியாது என்பது எங்களுக்குப் புரிகிறது. நேரத்தை ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்றால் நாங்களே ஒட்டிக்கொள்கிறோம்."

நான் கேட்டதைப் பாருங்கள். ஒருத்தர் தன் மேலதிகாரியைக் கேட்காமலே 'சரி' என்று சொல்லக்கூடிய அளவுக்குச் சின்னதாகக் கேட்டேன். கடிதம் வந்த வாரமே கவுன்சிலர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நேரம் எழுதிய தாள் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. மறுபடியும் எழுதினேன்.

இப்படிக் கேட்கும் முறை நான் கண்டுபிடித்ததில்லை. 1894இல் இதே டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்றார். அங்கிருந்த தமிழ் குமாஸ்தாதான் நடந்ததைக் கேட்டுச் சொன்னார். காந்தி உடனே எதையும் எழுத உட்காரவில்லை. ஆளை முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அப்புறம்தான் மாஜிஸ்திரேட். அங்கேயும் முதலாளிக்குத் தண்டனை வேண்டும் என்று நிற்கவில்லை. அந்த இடத்திலிருந்து விடுதலை, அது மட்டும். பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு, அடித்தவன் குற்றவாளி என்று தீர்ப்பானதோடு சரி, தண்டனை கேட்கவில்லையே என்று. ஆனால் அன்று ராத்திரி அந்த மனுஷன் எங்கே படுத்தார் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

அதே ஆண்டுதான் இந்தியர்களின் ஓட்டைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துப் பத்தாயிரம் கையெழுத்தோடு லண்டனில் காலனிகளுக்கான மந்திரியாக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு மனு போனது. விஷயத்தை விளக்கிச் சொல்லாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது அதற்குப் போட்ட விதி. நீங்கள் தெருவில் கையெழுத்து வாங்கப் போனால் இதைப் பின்பற்றுங்கள். "சும்மா போடுங்க அண்ணே" என்று வாங்கிய கையெழுத்து, நிருபர் போன் செய்து கேட்கும்போது "எனக்குத் தெரியாதே" என்று சொல்லும்.

பில் தகராறு என்றால் எழுதும் முன் செய்ய வேண்டியது வேறு. தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து துடையுங்கள் (எங்கள் மீட்டருக்குள் எப்போதும் ஒரு நத்தை இருக்கும்). கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். கறுப்பைத்தான் பில்லில் போடுவார்கள். மீட்டர் நம்பரும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுங்கள். பிறகு பில்லில் அளவு 'நேரில் பார்த்தது' என்று இருக்கிறதா, 'மதிப்பீடு' என்று இருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர். மாதம் 14 கிலோலிட்டரைத் தாண்டியதில்லை. ஒரு மாதம் 61 என்று வந்தது, மதிப்பீடு. பில்லில் இருந்த எண் மீட்டரில் ஓடிய எண்ணைவிட அதிகம்! அடுத்த கோடை வரைக்குமான தண்ணீரை முன்கூட்டியே குடித்துவிட்டோம் போல.

நகராட்சி அலுவலகத்துக்கு எழுதும்போது "பில் ரொம்ப அதிகம்" என்று எழுதாதீர்கள். "இந்தத் தொகையில் இத்தனை ராண்டை மறுக்கிறேன், காரணம் இது" என்று எழுதுங்கள். 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தில் 102ஆம் பிரிவு ஒரு 'குறிப்பிட்ட தொகை' தகராறில் இருக்கும்போதுதான் கைகொடுக்கிறது. அந்தத் தொகைக்காக இணைப்பைத் துண்டிப்பது போன்ற வசூல் நடவடிக்கையில் இறங்கக் கூடாது. மறுக்காத பாக்கியைக் கட்டிவிடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பத்திரிகைக்குப் போனால், "எங்களிடம் புகாரே வரவில்லை" என்ற ஒரே வரியில் உங்கள் கடிதம் செத்துவிடும்.

நாட்டு விஷயம் எழுதும்போதும் உங்கள் வீட்டு ரசீதிலிருந்தே தொடங்குங்கள். 2025 மார்ச் பட்ஜெட்டில் வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 15.5 ஆக்கப்போகிறோம் என்றார்கள், ஏப்ரலில் கைவிட்டார்கள். அந்த ஒன்றரை மாதம் தெருவெல்லாம் அதே பேச்சு. நானும் எழுதினேன், அவசரத்தில் மாட்டிக்கொண்டேன். "ஏழை வீட்டு டின் மீன் குழம்புக்கும் வரியா?" என்று கேட்டிருந்தேன். அடுத்த வாரம் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் அதே பக்கத்தில் பதில் எழுதினார்: பில்ச்சர்ட் மீன் டின்னுக்கு வாட் பூஜ்யம், அம்மணி ரசீதைப் பார்க்கட்டும். பார்த்தேன். அவர் சொன்னது சரி. அரிசி, காய்ந்த பருப்பு, பால், முட்டை, காய்கறி, பிரவுன் பிரெட் எதற்கும் வாட் இல்லை. வெள்ளை பிரெட்டுக்கும் கோழிக்கும் உண்டு. கோழி என்று எழுதியிருந்தால் கடிதம் நின்றிருக்கும். அன்றிலிருந்து ரசீதைப் பக்கத்தில் வைக்காமல் விலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

பெயர் சொல்லித் திட்டாதீர்கள். "இன்னார் லஞ்சம் வாங்கினார்" என்று எழுதினால் அவதூறு வழக்கு எழுதியவர் மேலும் வரும், பத்திரிகை மேலும் வரும். ஆசிரியர் அதை எப்படியும் வெட்டிவிடுவார். "இந்த வேலைக்கு இன்ன தேதியில் டெண்டர் விட்டார்கள், இன்றுவரை குழி மூடவில்லை" என்று எழுதினால் வெட்ட ஒன்றும் இல்லை. டெண்டர் விவரம் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

உங்கள் உண்மைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் ஆசிரியருக்குக் கட்டாயம் வேண்டும். அச்சில் புனைபெயர் போடச் சொல்லிக் கேட்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் அந்தக் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். நீளம் இருநூறு வார்த்தைக்குள். முக்கியமான வரியை முதலில் வையுங்கள், ஏனென்றால் இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்துதான் வெட்டுவார்கள். என் முதல் கடிதத்தில் கோரிக்கையைக் கடைசியில் வைத்திருந்தேன். அச்சில் வந்தபோது வணக்கமும் புலம்பலும் மட்டும் இருந்தன. என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துவிட்டு, "இப்ப உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

அனுப்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாலு வாரத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம். அதே கடிதம்தான், மேலே மட்டும் ஒரு வரி: "இதை இன்ன தேதியில் எழுதினேன், இன்று அதற்கு 28 நாள்." டேங்கர் தாளுக்கு நான் அந்த வரியை மூன்று முறை மாற்றி அனுப்பினேன். மூன்றாவது முறை அந்த எண் 84.