பழைய மொபைல் ஹோமை விற்க வேண்டுமா? முதலில் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள்

டெக்சஸில் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போடலாம் என்று ஆசைப்படும் நம்மவர்கள் சிலருக்கு, நிலத்தோடு சேர்ந்து ஒரு பழைய மொபைல் ஹோமும், அதாவது தொழிற்சாலையில் செய்து இழுத்து வந்து நிறுத்திய வீடும், கைக்கு வந்துவிடுகிறது. எனக்கு வந்தது 1984-இல் செய்த டபுள்வைடு, அதாவது இரண்டு பகுதிகளைச் சேர்த்து ஒட்டிய வீடு. மூன்று படுக்கையறை, உறுதியான வீடு. சில வருடம் கழித்து நிலத்தோடு அதை விற்க நினைத்து நேராக விளம்பரம் கொடுத்தேன். இரண்டு குடும்பங்கள் விரும்பிக் கேட்டன. இரண்டுக்குமே கடன் கிடைக்கவில்லை. இரண்டாவதாக வந்த அம்மா, எந்தப் பிள்ளைக்கு எந்த அறை என்பதுவரை பேசி வைத்திருந்தார். அந்த ஏமாற்றம் தேவையே இல்லாதது. விளம்பரத்துக்கு முன்னால் சில காகிதங்களை நான் சரிசெய்திருந்தால் போதும்.

பழைய மொபைல் ஹோமின் விலையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, வாங்குபவருக்கு எந்தக் கடன் கிடைக்கும் என்பதுதான். வீட்டின் அழகு அதற்கு அப்புறம். அதனால் வேலையை இந்த வரிசையில் தொடங்குங்கள்.

படி 1: வீடு பிறந்த தேதி

1976 ஜூன் 15. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வீட்டுவசதித் துறையான ஹட் வகுத்த கட்டுமான விதிகள் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் செய்தவைதான் சட்டப்படி 'மொபைல் ஹோம்'. பின்னால் வந்தவற்றுக்கு 'மேனுஃபேக்சர்டு ஹோம்' என்று பெயர். பேச்சில் எல்லாரும் இரண்டையும் மொபைல் ஹோம் என்றே சொல்கிறார்கள், ஆனால் வங்கிக்கு இந்த வேறுபாடு பெரிது. தேதிக்கு முந்தைய வீடு என்றால் எஃப்.எச்.ஏ. (அரசு காப்புறுதி தரும் வீட்டுக்கடன்), ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனம்) வழிக் கடன்கள் கிடையாது. ரொக்கம், அல்லது வாங்குபவரிடம் நீங்களே தவணையாகப் பணம் வாங்கிக்கொள்வது, இவற்றை நம்பித்தான் விலை வைக்க வேண்டும்.

தேதியை எங்கே பார்ப்பது? சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், மின்சாரப் பலகை அருகில், அல்லது படுக்கையறை அலமாரிக்குள் ஒரு காகிதத் தகடு ஒட்டியிருக்கும். அதன் பெயர் டேட்டா பிளேட். தயாரித்த தேதி, வரிசை எண், எந்தக் காற்று மண்டலத்துக்காகச் செய்த வீடு என்ற விவரங்கள் அதில் உண்டு. இந்தக் காற்று மண்டலத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் இப்படிப்பட்ட வீடுகளை வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு, 1994-இல்தான் காற்றுக்கான விதிகளை இறுக்கினார்கள். கடலோர மாவட்டங்களில் அதற்கு முந்தைய வீட்டுக்குக் காப்பீடு கிடைப்பதே சிரமம். காப்பீடு இல்லாமல் எந்த வங்கியும் கடன் தராது.

அடுத்து வெளிச்சுவரைப் பாருங்கள். ஹட் விதிப்படி செய்த வீடு என்பதற்கு அடையாளமாக, இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் அளவில் ஒரு சிவப்பு உலோகத் தகடு இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, ஆக டபுள்வைடுக்கு இரண்டு. என் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. முன்பு யாரோ சுவருக்கு வைனில் பலகை அடித்தபோது இன்னொன்றைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். முதல் குடும்பத்தின் கடன் அதனால்தான் நின்றது. தொலைந்த தகட்டுக்கு மறுதகடு தர மாட்டார்கள். ஆனால் ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பிடம் வரிசை எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால் சரிபார்ப்புக் கடிதம் கிடைக்கும். பல வங்கிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன.

படி 2: காகிதத்தில் அது வீடா, வண்டியா?

பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். தொழிற்சாலையில் இருந்து வெளியே வரும்போது இந்த வீடு ஒரு காரைப் போல அசையும் சொத்து. பல மாநிலங்களில் வண்டிக்குத் தருவது போலவே டைட்டில் என்ற உரிமைச் சீட்டு தருகிறார்கள். டெக்சஸில் அதற்குப் பதிலாக 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஓனர்ஷிப்' என்ற உரிமைச் சான்று. நிலத்தின் பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதாலேயே அதன்மேல் நிற்கும் வீடும் உங்கள் பெயரில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். அரசுப் பதிவில் வீடு இன்னும் பழைய உரிமையாளர் பெயரில், அசையும் சொத்தாகவே கிடந்தது. இரண்டாவது குடும்பத்தின் கடனை நிறுத்தியது இதுதான்.

டெக்சஸ் வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் அந்தச் சிவப்புத் தகட்டின் எண்ணையோ வரிசை எண்ணையோ போட்டால், யார் பெயரில் இருக்கிறது, யாருக்காவது அடமானம் இருக்கிறதா, வரிப் பாக்கி உண்டா எல்லாம் தெரியும். பாக்கியைக் கட்டுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நிலமும் வீடும் உங்களுடையது என்றால், வீட்டை அசையாச் சொத்தாக அறிவிக்கும்படி விண்ணப்பித்து, வரும் சான்றின் நகலை மாவட்டப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மற்ற மாநிலங்களிலும் டைட்டிலை ஒப்படைத்து நிலத்தோடு இணைக்கும் முறை உண்டு, படிவத்தின் பெயர்தான் மாறும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 டாலர் கடன். அசையாச் சொத்தாக 7 சதவீத வட்டியில் 30 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 266 டாலர். அசையும் சொத்துக்கான கடனில், இதை சேட்டல் லோன் என்பார்கள், வட்டி கூடுதல், காலம் குறைவு. 11 சதவீதத்தில் 15 வருடம் என்றால் மாதம் சுமார் 455. அதே வீடு, அதே தொகை. மாதம் 300 டாலர்தான் முடியும் என்று வரும் ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு முதல் கதவு திறக்கும், இரண்டாவது திறக்காது.

படி 3: வீட்டுக்கு அடியில்

எஃப்.எச்.ஏ. வழியாக நிலத்தோடு சேர்ந்த கடன் வேண்டும் என்றால், வீடு நிரந்தர அஸ்திவாரத்தில் நிற்கிறது என்று உரிமம் பெற்ற பொறியாளர் சான்று தர வேண்டும். சக்கரமும் இழுவைக் கொக்கியும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். சான்றுக்குச் சில நூறு டாலர் ஆகும், நீங்களே முன்கூட்டி வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று: வீடு ஏற்கெனவே வேறு இடத்தில் நின்று இங்கே இழுத்து வரப்பட்டது என்றால் ஃபேனி மே கடன் கிடைக்காது. 1978 முதல் 1995 வரை பல வீடுகளில் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாம்பல் நிறத்தில், வளையக்கூடியதாக இருக்கும். இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நிலம் உங்களுடையது இல்லை என்றால்

வாடகை நிலத்தில், அதாவது பார்க்கில் நிற்கும் வீட்டுக்கு வழி வேறு. பெரும்பாலும் சேட்டல் லோன்தான், அதிலும் இத்தனை வருடத்துக்கு மேல் பழைய வீடு வேண்டாம் என்று தள்ளும் நிறுவனங்கள் உண்டு. எஃப்.எச்.ஏ.வின் டைட்டில் ஒன் திட்டம் வாடகை நிலத்துக்கும் பொருந்தும், ஆனால் அதைக் கொடுக்கும் நிறுவனங்கள் குறைவு. பார்க் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: விற்ற பிறகும் இந்த வீடு இங்கேயே நிற்கலாமா, வாங்குபவரை எப்படித் தேர்வு செய்வீர்கள், அவருக்கு நில வாடகை எவ்வளவு. பழைய வீட்டை விற்றால் அகற்றியாக வேண்டும் என்று சொல்லும் பார்க்குகள் உண்டு. இழுத்துப் போக ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும், அந்தப் பயணத்தைப் பல பழைய வீடுகள் தாங்காது.

படி 4: நீங்களே தவணைக்கு விற்பது

வங்கி எதுவும் ஒத்துவராத வீட்டுக்கு இது நல்ல வழி. 40,000 டாலர் விலை, 10,000 முன்பணம், மீதி 30,000-ஐ 9 சதவீதத்தில் 7 வருடத் தவணையாக வைத்தால் மாதம் சுமார் 483 டாலர் வரும். ஆனால் கை எழுத்து ஒப்பந்தம் போதாது. வீட்டுக்கடன் கொடுப்பவருக்கான மத்திய, மாநிலச் சட்டங்கள் தனிநபரையும் தொடும். வழக்கறிஞரை வைத்துக் கடன் பத்திரம் எழுதி, உங்கள் அடமான உரிமையையும் அரசுப் பதிவில் ஏற்றுங்கள். வாங்குபவர் பெயருக்கு வீட்டை உடனே மாற்றிக் கொடுங்கள். ஏழு வருடம் கட்டியும் வீடு தன் பெயருக்கு வராமல் நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த அநியாயத்தை நாம் யாருக்கும் செய்யக் கூடாது.

படி 5: கைமாற்றிய பிறகு

சாவியைக் கொடுத்ததும் வேலை முடியவில்லை. மாநிலப் பதிவில் பெயர் மாறும்வரை வரிச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும். மாவட்ட வரி அலுவலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, உரிமை மாற்ற விண்ணப்பத்தோடு நீங்களே அனுப்பிவிடுங்கள், வாங்குபவர் அனுப்புவார் என்று விடாதீர்கள். சில வாரம் கழித்து அதே இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டு, அவர் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அலுவலகத்துக்கு ஃபோன் செய்யுங்கள்.