பி.பி. விழும் முன்பே வயிற்று ரத்தக்கசிவைப் பிடிக்க: கேஷுவாலிட்டி ஸ்கேன் செய்முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு நைட் டியூட்டியில், பைக்கில் சறுக்கி விழுந்த பையனைக் கொண்டுவந்தார்கள். பி.பி. 110/70, பல்ஸ் 104. "இடது தோள்பட்டைதான் சார் வலிக்குது" என்றான். தோளில் சிராய்ப்புகூட இல்லை. வயிற்றில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்தேன், சுத்தம் என்று எழுதிவிட்டேன். இருபது நிமிடத்தில் பல்ஸ் 130. சீனியர் வந்தார், என் மணிக்கட்டைப் பிடித்து ப்ரோப்பை (தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) மேலேயும் பின்னாலும் தள்ளினார். மண்ணீரலின் தலைமேல் கறுப்பாக ஒரு பிறை. அதுதான் ரத்தம், தோள்வலியும் அதனால்தான். நேரே ஆபரேஷன் தியேட்டர்.

பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் உண்டு. 30 சதவீதம், அதாவது ஒன்றரை லிட்டர்வரை போனாலும் படுத்திருப்பவரின் பி.பி. விழாமல் நிற்கலாம். இளவட்டங்கள் நன்றாகவே ஏமாற்றுவார்கள். அதனால்தான் ஸ்கேன்.

ஜெல், கெயின் (படத்தின் வெளிச்சம்), டெப்த் (ஆழம்) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கர்வ்லீனியர் (வளைந்த முகப்பு) ப்ரோப், அப்டமன் ப்ரீசெட் (வயிற்றுக்கான அமைப்பு), ப்ரோப்பில் இருக்கும் மார்க்கர் அடையாளம் தலைப்பக்கம். போனில் செருகும் சின்ன ப்ரோப்பா, வார்டில் கிடக்கும் பழைய தள்ளுவண்டி மெஷினா என்றால் என் ஓட்டு தள்ளுவண்டிக்கே. அவசரத்தில் சார்ஜ் தேடி ஓட வேண்டியதில்லை.

முதலில் வலப்பக்கம். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே உள்ள மோரிசன்ஸ் பவுச்சில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் அதோடு கையை எடுத்துவிடுகிறார்கள். ப்ரோப்பை இன்னும் கீழே நகர்த்தி, கல்லீரலின் கீழ்நுனி முடியும் இடத்தையும் பாருங்கள். கொஞ்சமாகத் தேங்கும் ரத்தம் பல நேரம் அங்கேதான் முதலில் தெரியும்.

அடுத்தது இடப்பக்கம். நான் வழுக்கி விழுந்த இடம். வலப்பக்கத்தைப் போலவே இங்கும் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் பெருங்குடலின் இடது வளைவை உதரவிதானத்தோடு கட்டிவைக்கும் சவ்வு ஒன்று இருக்கிறது. அது ரத்தம் கீழே இறங்குவதைத் தடுக்கும். எனவே ரத்தம் முதலில் மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்குக் கீழே சேரும். அந்த இடம் முழுதாகத் தெரியாமல் "சுத்தம்" என்று எழுதக் கூடாது.

ப்ரோப்பை அக்குளின் பின்மடிப்பிலிருந்து இறங்கும் கோட்டில், நீங்கள் நினைப்பதைவிட இரண்டு விலா மேலே வையுங்கள். "தம்பி, விரல் முட்டி படுக்கையில இடிக்கணும். இடிக்கலைன்னா நீ இன்னும் முன்னாடிதான் இருக்கே" என்றார் சீனியர். இன்றுவரை என் அளவுகோல் அதுதான். விலா நிழல் குறுக்கே விழுந்தால் மார்க்கர் முனையை லேசாகப் படுக்கைப் பக்கம் சாய்த்து, ப்ரோப்பை விலா இடுக்கோடு ஒட்ட வையுங்கள். பேச்சு வருபவராக இருந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், மண்ணீரல் தானாகக் கீழே வரும்.

அப்புறம் அடிவயிறு. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பாருங்கள். சிறுநீர்ப்பைக்குப் பின்னால் படம் வெளுத்துப்போய் ரத்தத்தை மறைக்கும், கெயினைக் குறையுங்கள். மயங்கி விழுந்த பெண், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது என்றால், வயிற்றில் அடி ஏதும் படாவிட்டாலும் இதே ஸ்கேன்தான். கரு குழாயிலேயே தங்கி, கர்ப்பக்குழாய் வெடித்து மோரிசன்ஸ் பவுச்வரை ரத்தம் ஏறியிருந்தால், மகப்பேறு டாக்டரை எழுப்பத் தயங்காதீர்கள். (மெஷின், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி பதிவானதா என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நடு ராத்திரியில் அந்தப் பஞ்சாயத்து வேண்டாம்.)

நெஞ்செலும்புக்குக் கீழே ப்ரோப்பைப் படுக்கவைத்து இதய உறைக்குள் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே ப்ரோப்பைத் திருப்பினால் ஐ.வி.சி. (உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) தெரியும். அது 2.1 செ.மீ.க்குக் குறைவாக இருந்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் உள்ளே ரத்த அளவு குறைவாக இருக்கலாம். வாந்தி பேதிக்காரருக்கும் அப்படித்தான் இருக்கும், எனவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சுத்தமாக இருந்தாலும் அரைமணியில் மறுபடி பாருங்கள், பல்ஸ் ஏறினால் உடனே.

பின்சேர்க்கை 1: ஐ.வி.சி. என்று நினைத்து அயோர்ட்டாவை (பெருந்தமனி) அளந்ததாக, இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கல்லீரலுக்குள் புகுந்து இதயத்தின் வலது மேலறையில் போய்ச் சேர்வதுதான் ஐ.வி.சி. அது சேரும் இடத்தைப் பார்க்காமல் அளக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: குடிப்பழக்கம் உள்ள ஒருவருக்கு மகோதரத்தை (வயிற்றில் நீர் கோத்திருப்பது) ரத்தம் என்று நினைத்துப் பதறியதாக இன்னொருவர். ஸ்கேன் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தால் தெரியும். இதற்கு நேர்மாறாக, உறைந்த ரத்தம் கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் கல்லீரல் மாதிரியே தெரிந்து ஏமாற்றும்.

பின்சேர்க்கை 3: இடுப்பெலும்பு முறிந்து வயிற்றறைக்குப் பின்னால் கசியும் ரத்தம் இந்த ஸ்கேனில் தெரியாது. பி.பி. விழாமல் நிற்கிறது என்றால் சி.டி.க்கு அனுப்புங்கள். சிறுநீர்க்குழாய் போட வேண்டியிருந்தால் ஸ்கேன் முடிந்த பிறகு போடச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை காலியாகிவிட்டால் அடிவயிற்றில் பார்க்க ஜன்னல் இல்லை.